டி.சி. கொடுத்துத் தீர்க்கும் நோயா இது?

வகுப்பில் மேசையை உதைத்த பையனைப் பள்ளி என்ன செய்கிறது? பெற்றோரைக் கூட்டிவரச் சொல்கிறது; மன்னிப்புக் கடிதம் எழுதி வாங்குகிறது; அப்போதும் அடங்காவிட்டால் டி.சி.யைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுகிறது. பெரும்பாலும் இது நடப்பது ஒன்பதாம் வகுப்பில். எட்டாம் வகுப்பு முடியும்வரை பிள்ளையை வெளியேற்றக் கூடாது என்கிறது கல்வி உரிமைச் சட்டம். பத்தாம் வகுப்பிலோ நூறு சதவீதத் தேர்ச்சி காட்டியாக வேண்டும். இடையில் கிடைக்கும் அந்த ஓராண்டைத் தனியார் பள்ளிகள் பலவும் களையெடுக்கும் பருவமாக்கி வைத்திருக்கின்றன. இந்த வழக்கத்தை வன்மையாகக் கண்டிக்கிறோம்.

ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கு வயது 14. வாழ்நாளில் வரக்கூடிய மனநலக் கோளாறுகளில் பாதி, 14 வயதுக்குள் தலைகாட்டிவிடுகின்றன என்று உலக சுகாதார நிறுவனம் பல ஆண்டுகளாகச் சொல்லிவருகிறது. நிம்ஹான்ஸ் நடத்திய 2015-16 தேசிய மனநல ஆய்வில், 13 முதல் 17 வயதுவரை உள்ளவர்களில் 7.3 சதவீதம் பேருக்கு மனநலக் கோளாறு இருந்தது. நாற்பது பேர் இருக்கும் வகுப்பில் ஏறக்குறைய மூன்று பேர். உதவி மிகவும் தேவைப்படும் வயதில்தான் வாசலைக் காட்டுகிறோம்.

இந்த வயதில் மனச்சோர்வு அழுகையாக மட்டுமே வரும் என்று நினைப்பது பெரும்பிழை. எரிச்சலாக வரும், எதிர்த்துப் பேசுவதாக வரும், வகுப்பைக் கட் அடிப்பதாகவும் வரும். வளரிளம் பிள்ளைகளைப் பரிசோதிக்கும் மனநல மருத்துவர்கள் சோகத்துக்குச் சமமாக எரிச்சலையும் அறிகுறியாகக் கணக்கில் எடுப்பது இதனால்தான். ஆசிரியர் அறையில் அந்த எரிச்சல் ‘திமிர்’ ஆகிவிடுகிறது. வீட்டில் ‘வயசுக் கோளாறு’. யாரோடும் பேசாமல் ஓரமாக ஒடுங்கிக்கிடக்கும் பெண்ணுக்கோ ‘ரொம்ப அமைதி, நல்ல பொண்ணு’ என்ற பாராட்டு. கத்துகிறவனைத் தண்டித்து, கத்தாதவளை மெச்சி, இருவரையுமே கைவிடுகிறோம்.

2022-இல் மட்டும் நாட்டில் 13,044 மாணவர்கள் உயிரை மாய்த்துக்கொண்டதாகத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் பதிவுசெய்திருக்கிறது. அந்த ஆண்டின் மாநில வரிசையில் மகாராஷ்டிரத்துக்கு அடுத்து நின்றது தமிழ்நாடு. தேர்ச்சி விகிதத்துக்கு ஃபிளக்ஸ் வைக்கும் பள்ளிகளே, இந்த இரண்டாம் இடம் உங்களை உறுத்தவில்லையா?

என்ன செய்வதென்று தெரியவில்லை எனச் சொல்லவும் இனி வழியில்லை. 2025 ஜூலை 25 அன்று உச்ச நீதிமன்றம் தெளிவாக உத்தரவிட்டிருக்கிறது. நூறு அல்லது அதற்கு மேல் மாணவர்கள் படிக்கும் ஒவ்வொரு கல்வி நிறுவனத்திலும் தகுதிபெற்ற ஆலோசகரோ உளவியலாளரோ சமூகப் பணியாளரோ ஒருவராவது இருக்க வேண்டும். சிறிய பள்ளிகள் வெளியிலுள்ள மனநல வல்லுநர்களோடு தொடர்பு ஏற்படுத்திக்கொள்ள வேண்டும். ஊழியர்களுக்கு ஆண்டுக்கு இருமுறை பயிற்சி தர வேண்டும். மதிப்பெண்ணை வைத்துப் பிள்ளைகளைப் பிரிப்பதும், பலர் முன்னிலையில் அவமானப்படுத்துவதும் கூடாது. உரிய சட்டம் வரும்வரை நாடு முழுவதையும் கட்டுப்படுத்தும் ஆணை இது. ஆனாலும் ஆலோசகர் யார் என்று கேட்டால் நீதிபோதனை ஆசிரியரைக் கைகாட்டும் பள்ளிகள் இன்னும் இருக்கின்றன. மதிப்பெண்ணை வகுப்பில் உரக்க வாசிப்பதும் நிற்கவில்லை.

பயிற்சியே கொடுக்காமல் ஐம்பது பிள்ளைகளை ஒப்படைத்துவிட்டு ஆசிரியரைக் குற்றம் சொல்வது நியாயமல்ல. பதில் சொல்ல வேண்டியவர்கள் நிர்வாகங்களும் கல்வித் துறையும்தான்.

ஒவ்வொரு மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலரும் தம் எல்லைக்குட்பட்ட பள்ளிகளின் ஆலோசகர் பட்டியலை, அவர்களின் கல்வித் தகுதியோடு, வெளியிட வேண்டும். ‘டெலி மானஸ்’ உதவி எண் 14416 எல்லா வகுப்பறையிலும் விடுதியிலும் பெரிய எழுத்தில் இருக்க வேண்டும். ஒன்பதாம் வகுப்பில் நிர்வாகமே டி.சி. கொடுத்து அனுப்பும் ஒவ்வொரு பிள்ளைக்காகவும், அதற்கு முன் அந்தப் பிள்ளை யாரிடம் ஆலோசனைக்கு அனுப்பப்பட்டது, எத்தனை முறை அனுப்பப்பட்டது என்று எழுத்துப்பூர்வ விளக்கம் கேட்க வேண்டும். விளக்கம் தராத பள்ளியின் அங்கீகாரத்தைப் புதுப்பிக்கக் கூடாது.