மீனாட்சி ராஜ்யத்தில் தக்காளி

பாலக்கோடு மண்டிக்குத் தக்காளி வாங்கப் போகிறவன் தக்காளியோடு திரும்புவதுதான் உலக வழக்கம். என் மச்சினன் டி.வி.எஸ். எக்ஸெல்லிலிருந்து இறக்கிய கிரேடில், தக்காளிக்கு நடுவே, தக்காளி நிறத்திலேயே ஒரு பூனைக்குட்டியும் உட்கார்ந்திருந்தது.

"மண்டியில அநாதையா கத்திக்கிட்டிருந்துச்சு மாமா. மனசு கேக்கல."

"அப்ப உங்க வீட்டுக்கே கொண்டு போயிருக்கலாமே?"

"எங்க வீட்ல நாய் இருக்கே மாமா!"

எங்கள் வீட்டில் மீனாட்சி இருக்கிறாளே என்பது அவனுக்குத் தோன்றவில்லை. மீனாட்சி ஒன்பது வயதுப் பூனை. கண் மீன் மாதிரி இருக்கிறது என்று அம்மா வைத்த பெயர். அனுபவத்தில் சொல்கிறேன், அதை மீன் + ஆட்சி என்று பிரித்தால்தான் பொருள் சரியாக வரும். ஒகேனக்கல் மீன் வாங்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் மீனெல்லாம் அவளுக்கு, களி உருண்டை எனக்கு. அம்மாவின் ராகி மூட்டைக்கு ஒன்பது வருஷமாக அவள்தான் செக்யூரிட்டி. அந்த மூட்டையில் இன்றுவரை ஓர் ஓட்டை கிடையாது. வேறு எந்த டிபார்ட்மென்ட்டிலும் இப்படி ஒரு சர்வீஸ் ரெக்கார்டை நான் பார்த்ததில்லை.

ஆபீஸிலிருந்து வந்ததும் மீனாட்சி என் காலில் கன்னத்தைத் தேய்ப்பாள். 'என்ன பாசம்!' என்று முன்பெல்லாம் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக் கொள்வேன். பிறகுதான் படித்தேன். பூனையின் கன்னத்தில் வாசனைச் சுரப்பிகள் இருக்கின்றன. மேஜை, கதவு, நாற்காலி, நான் என்று எல்லாவற்றிலும் தேய்த்து, 'இது என் சொத்து' என்று ரப்பர் ஸ்டாம்ப் அடிக்கிறது. பூனைக்கு வீடு என்பது சுவர் இல்லை, வாசனை. அந்த வாசனையில் அந்நியம் கலந்தால் வீடே பறிபோன மாதிரி.

இது எதுவும் மச்சினனுக்குத் தெரியாது. "ரெண்டும் மூஞ்சி பாத்துப் பழகிக்கட்டும்" என்று குட்டியைத் தூக்கி நேராக மீனாட்சியின் மூக்குக்கு முன்னால் வைத்தான்.

முதுகு வில்லாக வளைந்தது. வால் பாட்டில் கழுவும் பிரஷ் ஆனது. பிரஷர் குக்கர் மாதிரி ஒரு 'ஹிஸ்ஸ்'. அடுத்த விநாடி மச்சினன் புறங்கையில் நாலு கோடு. ரூல்டு நோட்டு கெட்டது போங்கள்! குட்டி பீரோவுக்கு அடியில். மீனாட்சி பரண்மேல்.

என் மனைவி தம்பியை இழுத்துக்கொண்டு போய்க் குழாயடியில் நிறுத்தி, சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிஷம் கழுவ வைத்தாள். பிறகு அரசு ஆஸ்பத்திரி. நாய்க்கடிக்குத்தான் வெறிநாய் ஊசி என்று பலர் நினைக்கிறார்கள். பூனை கீறி ரத்தம் வந்தாலும் அலட்சியம் கூடாது. பூனைக்கும் ரேபிஸ் வரும். மீனாட்சிக்கு வருஷா வருஷம் ஊசி போடுகிறோம். இருந்தாலும் டாக்டர் ரிஸ்க் எடுக்கவில்லை. 0, 3, 7, 28 என்று நாலு நாள் தேதி குறித்துக் கொடுத்தார். சீட்டுத் தவணையை ஒருநாளும் ஒழுங்காகக் கட்டாத மச்சினன், இந்தத் தவணையை மட்டும் ஒன்று விடாமல் கட்டினான்.

விஷயம் அத்தோடு முடியவில்லை. மீனாட்சி பரணைவிட்டு இறங்கவே இல்லை. மாமல்லபுரத்தில் பல்லவர் காலத்துப் பாறையில் ஒரு பூனை கையைத் தூக்கிக்கொண்டு தவம் செய்யுமே, அது வேஷம். காலடியிலேயே எலிகள் இருக்கின்றன. எங்கள் வீட்டுத் தவம் நிஜம். மீனை வைத்தால் முகத்தைத் திருப்பிக் கொண்டாள். கருவாடு வைத்தோம். ஊஹூம். ஒன்றரை நாள் ஆயிற்று.

"ஏம் கண்ணு, வாயில்லா ஜீவன் பட்டினி கெடக்குது. எனக்குச் சோறு எறங்கல" என்றாள் அம்மா.

பக்கத்து வீட்டுக்காரர் ரொம்ப நல்லவர். ஓசியில் யோசனை தருவார். "குட்டியைச் சாக்குல போட்டுத் தொப்பூர் கணவாய்ப் பக்கம் விட்டுட்டு வந்துடுங்க சார். ரூட் கிளியர்!" இரண்டு மாதக் குட்டி. அந்த லாரி ரோட்டில் அது எத்தனை நிமிஷம் தாங்கும்? தவிர, வளர்க்கிற பிராணியைப் பட்டினியில் தவிக்கும்படி கைவிடுவது 1960-ஆம் வருஷத்து மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின்படி குற்றம். சட்டத்தைச் சொன்னதும், "நான் ச்சும்மா சொன்னேன் சார்" என்று கேட்டைச் சாத்திக்கொண்டார்.

மீனாட்சியைத் துணிப்பையில் வைத்துக் கால்நடை மருத்துவரிடம் கொண்டு போனேன். அவர் வயிற்றைத் தடவிப் பார்த்துச் சொன்னது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"கொஞ்சம் பூசினாப்ல இருக்கற பூனை ரெண்டு மூணு நாள் சாப்பிடாம இருந்தாலே ஆபத்து சார். உடம்புக் கொழுப்பெல்லாம் ஈரல்ல போய்ச் சேந்துடும். ஈரல் படுத்துட்டா அப்புறம் தேத்தறது கஷ்டம்."

மனுஷன் விரதம் இருந்தால் புண்ணியம். பூனை விரதம் இருந்தால் ஐ.சி.யூ.!

மருந்தோடு வைத்தியமும் சொன்னார். குட்டிக்குத் தனி அறை, தனித் தட்டு, தனி மண்தொட்டி. இரண்டு வாரம் முகத்தைக் காட்டக்கூடாது. முதலில் வாசனைதான் அறிமுகமாக வேண்டும். இவள் படுத்த துணி அதற்கு, அது படுத்த துணி இவளுக்கு. மூடிய கதவுக்கு இந்தப்பக்கம் ஒரு தட்டு, அந்தப்பக்கம் ஒரு தட்டு. தினமும் தட்டுகளைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கதவருகே நகர்த்த வேண்டும். எதிரியின் வாசனை வரும்போதெல்லாம் மீனும் வந்தால் எதிரி மேல் ஒரு மரியாதை வந்துவிடுமாம். (தேர்தல் சமயத்தில் இதே டெக்னிக்கைப் பார்த்திருக்கிறேன்.)

தனி அறைக்கு இன்னொரு காரணமும் உண்டு. மண்டியிலிருந்து வந்த குட்டி என்ன நோயைக் கொண்டு வந்திருக்கிறதோ! நாய்க்குட்டிகளை வாரிக்கொண்டு போகும் பார்வோவுக்குப் பூனையில் ஒரு பங்காளி உண்டு. அதற்கான ஊசியை எட்டு வாரத்தில் ஆரம்பித்துவிட வேண்டும். ரேபிஸ் ஊசி மூன்று மாதத்தில். 2020 பிப்ரவரியில் சீனாவிலிருந்து வந்த பொம்மைக் கன்டெய்னரில் ஒரு பூனை சென்னைத் துறைமுகத்தில் வந்திறங்கியது ஞாபகமிருக்கிறதா? கொரோனா பயத்தில் அதைத் திருப்பி அனுப்பப் பார்த்தார்கள். மேனகா காந்தி வரை விஷயம் போய், ஏப்ரலில்தான் விடுதலை. அதை நினைத்தால் தக்காளிக்குக் கிடைத்த இரண்டு வாரம் வெறும் கேஷுவல் லீவு.

ஆமாம், பெயர் தக்காளி என்றே நிலைத்துவிட்டது. பையன்தான். இந்தச் செம்மஞ்சள் நிறத்தில் ஐந்துக்கு நாலு ஆணாகவே இருக்கும் என்றார் டாக்டர். நிறத்துக்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. ஆணுக்கு எக்ஸ் ஒன்றே ஒன்று, அதில் இருந்தால் போதும். பெண்ணுக்கு இரண்டிலும் இருக்க வேண்டும். அது எந்த மரபணு என்பதை 2025-ல்தான் அமெரிக்காவிலும் ஜப்பானிலும் கண்டுபிடித்து எழுதினார்கள். பாலக்கோட்டில் கிரேடுக்குள் உட்கார்ந்திருந்தவனுக்கு இவ்வளவு பெரிய இடத்துச் சம்பந்தம்.

வீட்டுக்கு வந்து, மாற்றிப் போடத் துணி தேடினோம். அம்மா தன் டிரங்குப் பெட்டியைத் திறந்து, நைந்துபோன ஒரு சுங்குடிச் சேலையை எடுத்து இரண்டாகக் கிழித்தாள். அப்பா போன பிறகு பென்னாகரம் பக்கத்து எங்கள் கிராமத்திலிருந்து அவளைத் தருமபுரிக்குக் கூட்டி வந்தபோது கையோடு கொண்டு வந்த சேலை. அதைத் துவைக்கவே விடமாட்டாள்.

"ஏம்மா, இதைப் போய்..."

"இங்க வந்த புதுசுல ரெண்டு மாசம் இதை மூஞ்சில போட்டுக்கிட்டாத்தான் எனக்குத் தூக்கம் வரும் கண்ணு. இப்ப பரவால்ல. அதுக்கு ஆவட்டும்."

அந்த இரண்டு மாதமும் நான் தினம் இரவு பக்கத்து அறையில்தான் தூங்கிக்கொண்டிருந்தேன்.

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அம்மாவே தொடர்ந்தாள். "புது மருமக வந்தன்னிக்கே அடுப்பாங்கரையைத் தூக்கிக் குடுத்துடுவாங்களா? பூனைன்னா மட்டும் எப்படி?" என் மனைவி என்னைப் பார்த்தாள். நான் ஃபேனைப் பார்த்தேன்.

அன்று இரவு ஒரு பாதிச் சேலை தக்காளியின் அறைக்குப் போயிற்று. மறுபாதி பரணுக்கு. விடியற்காலை நாலு மணிக்கு 'தொப்'பென்று ஒரு சத்தம். போய்ப் பார்த்தால் மீனாட்சி இறங்கி வந்து கருவாட்டை மென்றுகொண்டிருந்தாள். அம்மா லைட்டைக்கூடப் போடாமல், இருட்டில் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

பதினாறாம் நாள் கதவைத் திறந்தோம். கட்டிப்பிடித்துக் கொள்ளும் என்று எதிர்பார்த்தால் நீங்கள் சினிமா பார்க்கிறவர். பூனை தனியாக வேட்டையாடும் ஜாதி. லண்டனில் பிரதமர் வீட்டு எலிகளைக் கவனிக்க 2011-ல் வேலைக்கு வந்த லாரி என்ற பூனை, 2024-க்குள் ஆறு பிரதமர்களை அனுசரித்துப் போனது. ஆனால் 2016-ல் எதிர்த்த வெளியுறவு அலுவலகத்துக்கு பால்மர்ஸ்டன் என்ற இன்னொரு பூனை டியூட்டிக்கு வந்தபோது இரண்டும் நடுத்தெருவில் கட்டிப் புரண்டன. அங்கேயே அப்படி!

எங்கள் வீட்டில் ஷிஃப்ட் சிஸ்டம் வந்திருக்கிறது. தெரு ஜன்னல் காலை பத்து மணி வரை மீனாட்சிக்கு. அதன் பிறகு வெயில் ஏறியதும் அவள் ராகி மூட்டைக்குப் போய்விட, தக்காளி ஜன்னலுக்கு வருகிறான். சார்ஜ் மாற்றிக் கொள்ளும்போது சின்னதாக ஒரு 'ஹிஸ்' மட்டும் பதிவாகிறது. போன வாரம் ஒருநாள் அவள் போகாமல் இருந்தாள். அவனும் வந்து, ஒரு முழம் தள்ளி உட்கார்ந்தான். இருவரும் தெருவில் போகிற மீன்காரரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.