குழாயில் வராத நீரும் கணக்கில் வராத மக்களும்

நீர்ச் சேவையின் தரத்தை எதைக் கொண்டு அளப்பது? 2006ஆம் ஆண்டு நீர்ச் சேவைத் தொழில்துறைச் சட்டத்திற்குப் பின், தீபகற்ப மலேசியாவில் இப்பணியைத் தேசிய நீர்ச் சேவை ஆணையம் (ஸ்பான்) கண்காணித்து வருகிறது. அடிக்கடி பேசப்படும் அளவுகோல், ‘வருவாய் தராத நீர்’. அதாவது, சுத்திகரித்து அனுப்பிய பின் கசிவாலும் திருட்டாலும் பழைய மீட்டர்களாலும் கட்டணத்திற்கு வராமல் போகும் நீர். நம் நாட்டில் இது மூன்றில் ஒரு பங்கிற்கும் அதிகம். சிங்கப்பூரிலோ 10 விழுக்காட்டுக்கும் குறைவு.

இந்த அளவுகோல் தேவைதான். ஆனால், இது மட்டும் போதுமா? புதிய தொழிற்சாலைகள் வந்து நீர்ப் பயன்பாடு கூடினால், ஒரு கசிவைக்கூட அடைக்காமலேயே விழுக்காடு இறங்கிவிடும். ஆகவே, ஓர் இணைப்புக்கு நாளொன்றுக்கு எத்தனை லிட்டர் வீணாகிறது என்றும் பார்க்க வேண்டும்.

இன்னொரு குறை இதைவிடப் பெரியது. மலிவு விலை அடுக்குமாடிகள் பலவற்றில் முழுக் கட்டடத்திற்கும் ஒரே மீட்டர்தான். அதுவரை நீர் வந்துவிட்டால், நிறுவனத்தின் கணக்கில் விநியோகம் சீர். பம்பு பழுதாகி, மேல்மாடிப் பாட்டி வாளியோடு படியிறங்கும் துன்பம் எந்த அறிக்கையிலும் ஏறாது. தோட்டங்களை விட்டு வந்த நம்மவர் பலர் வாழ்வது இத்தகைய வீடுகளில்தானே!

ஒவ்வொரு குடியிருப்பிலும் வீட்டுக் குழாயில் ஆண்டுக்கு எத்தனை மணி நேரம் நீர் வரவில்லை? இந்த எண்ணையும் அடைவுநிலைக் குறியீடாக்கி, ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். அளக்கப்படாத குறை தீர்க்கப்படுவதில்லை. பொறியியலும் கணக்கியலும் பயிலும் நாம் முதலில் இதைக் கேட்போம்.