தொகுதி மறைந்தது; கணக்கும் மறையலாமா?

திருச்செந்தூர் நாடாளுமன்றத் தொகுதி இன்று இல்லை. 2008ஆம் ஆண்டின் தொகுதி மறுசீரமைப்பில் அது கலைக்கப்பட்டது. ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டைத் தாண்டிய தாமிரபரணி, நெல்லையும் வாழையையும் நனைத்துப் புன்னைக்காயல் அருகே கடல் சேரும் நிலமும், தெற்கே செம்மண் தேரியும் பனங்காடும் அடங்கிய தொகுதி அது. நம் காயல்பட்டினமும் ஏர்வாடியும் அதனுள்ளேதான் இருந்தன. ஆயினும் அதன் தேர்தல் வரலாற்றைப் பற்றிப் பேச்சு எழுந்தால், "அங்கே நம்மவர் ஒருவர்கூட வென்றதில்லை, அந்த வரலாற்றில் நமக்கு என்ன இருக்கிறது?" என்று கேட்டு நம்மவர் பேச்சை முடித்துவிடுகின்றனர். இக்கூற்றை மறுக்கவே இதை எழுதுகிறோம்.

முற்பாதி உண்மைதான். 1967இல் சுதந்திராக் கட்சியின் சந்தோஷம், 1971இல் தி.மு.க.வின் சிவசாமி, 1977, 1980, 1984 ஆகிய மூன்று தேர்தல்களிலும் காங்கிரஸின் கே.டி. கோசல்ராம்; அவர் மறைந்தபின் 1985 இடைத்தேர்தல் முதல் தனுஷ்கோடி ஆதித்தன்; 1998இல் நடிகர் ராமராஜன்; 1999இல் ஜெயசீலன்; 2004இல் ராதிகா செல்வி. இப்பட்டியலில் முஸ்லிம் பெயர் இல்லை. ஆனால், பெயர் இல்லை என்பதால் பங்கும் இல்லை என்றாகிவிடுமா? 1967இல் தி.மு.க. அணியில் முஸ்லிம் லீகும் சுதந்திராக் கட்சியும் சேர்ந்தே நின்றன. சந்தோஷத்தின் வெற்றியில் நம் வாக்குக்கு இடமில்லை என்று யார் சொல்ல முடியும்? கோசல்ராம் நம்மவர் அல்லர். ஆனால் மணிமுத்தாறு அணைக்காகக் குரல் கொடுத்தவர். அந்த அணையின் நீர் சமயம் கேட்டுப் பாய்வதில்லை.

இந்தத் தொகுதியின் வரலாற்றில் நாம் வருந்த வேண்டிய ஆண்டு ஒன்று உண்டு. அது 1962. முந்த்ரா விவகாரத்தில் 1958இல் நிதியமைச்சர் பதவியைத் துறந்த டி.டி. கிருஷ்ணமாச்சாரி, அவ்வாண்டு திருச்செந்தூரிலிருந்து போட்டியின்றித் தேர்ந்தெடுக்கப்பட்டார். அதற்குமுன் அவர் சென்னையின் உறுப்பினர். அவருடைய திறமையை நாம் குறை கூறவில்லை. ஆனால், அவரை ஏற்கவோ மறுக்கவோ இத்தொகுதியின் வாக்காளர் ஒருவருக்கும் வாய்ப்புக் கிட்டவில்லை. இந்துவுக்கும் கிறிஸ்தவருக்கும் முஸ்லிமுக்கும் அந்த இழப்பு ஒன்றே.

அதே 1962இல்தான், திருநெல்வேலிப் பேட்டையில் பிறந்த நம் காயிதே மில்லத் இஸ்மாயில் சாகிப், கேரளத்தின் மஞ்சேரியிலிருந்து மக்களவைக்குச் சென்றார். 1967லும் 1971லும் மஞ்சேரியே அவரை மீண்டும் அனுப்பியது. பொருநைக் கரையில் பிறந்தவருக்கு மலபார் இடம் தந்தது என்பதை நினைத்து நம் பெரியவர்கள் கண் கலங்குவதைக் கண்டிருக்கிறோம். அக்கலக்கத்திலிருந்து சிலர் இன்னொரு முடிவுக்கும் வருகின்றனர்: "தனித்தொகுதி முறை நீடித்திருந்தால் இந்நிலை வந்திருக்குமா?" என்கின்றனர்.

1909இல் வந்த தனி வாக்காளர் தொகுதி முறையை விடுதலைக்குப் பின்னும் காக்க வேண்டுமென அரசியல் நிர்ணய சபையில் போக்கர் சாகிபும் இஸ்மாயில் சாகிபும் வாதாடினர்; சபை ஏற்கவில்லை. தோற்றபின் இஸ்மாயில் சாகிப் வீட்டில் முடங்கவில்லை என்பதை மறந்துவிடுகிறோம். எல்லாச் சமயத்தாரும் வாக்களிக்கும் பொதுத் தொகுதியிலேயே நின்று அவர் மும்முறை வென்றார். அவர் காட்டிய வழி இதுவே. பழைய முறைக்கு ஏங்குவோர் அவர் பெயரைத் துணைக்கு அழைப்பது முறையன்று.

மஞ்சேரியில் நம் மக்கள் ஓரெல்லைக்குள் செறிந்திருந்தனர், அமைப்பாகவும் திரண்டிருந்தனர். இங்கோ மேலப்பாளையமும் பேட்டையும் ஒருபுறம், கடையநல்லூரும் தென்காசியும் ஒருபுறம், காயல்பட்டினம் கடலோரம் எனச் சிதறியிருக்கிறோம். இத்தகைய நிலத்தில் எல்லைக்கோடு எங்கே விழுகிறது என்பதே பெரிய செய்தி. 2008இல் சாத்தான்குளம் சட்டமன்றத் தொகுதி மறைந்தது. நாங்குநேரியும் இராதாபுரமும் திருநெல்வேலி மக்களவைத் தொகுதிக்குச் சென்றன. திருச்செந்தூரும் ஸ்ரீவைகுண்டமும் புதிய தூத்துக்குடித் தொகுதியில் சேர்ந்தன. அதுவரை ஒரே உறுப்பினரிடம் முறையிட்டு வந்த ஏர்வாடியும் காயல்பட்டினமும் அன்று பிரிந்தன. வரைவு வெளியிட்டு, ஆட்சேபங்களைக் கேட்டு, பொது அமர்வு நடத்திய பிறகே எல்லைகளை முடிவு செய்ய வேண்டும் என்கிறது சட்டம். அந்த வரைவை நம்மில் எத்தனை பேர் படித்தோம்? எத்தனை ஜமாஅத்துகள் ஒரு மனு எழுதின?

நம் வாக்களிக்கும் முறையையும் எண்ணிப் பார்க்க வேண்டும். முந்தைய இரவில் நான்கு பெரியவர்கள் கூடி முடிவு செய்வதும், விடிந்ததும் வீட்டுப் பெண்களுக்குச் சின்னத்தை மட்டும் சொல்லி அனுப்புவதும் மஷூரா ஆகாது. வேட்பாளரிடம் என்ன கேட்டோம், அவர் என்ன வாக்களித்தார், ஐந்தாண்டில் என்ன செய்தார் என்ற குறிப்பு நம் எந்தப் பள்ளிவாசலில் இருக்கிறது? திருமணப் பதிவேட்டைப் பாதுகாக்கும் ஜமாஅத்துக்கு இந்தப் பதிவேடு பாரமா?

அமானிதங்களை உரியவர்களிடம் ஒப்படைக்குமாறு திருமறை கட்டளையிடுகிறது. வாக்கும் ஓர் அமானிதமே. 2001ஆம் ஆண்டின் 84ஆவது அரசியலமைப்புத் திருத்தம், மாநிலங்களின் மக்களவை இடங்களை 2026க்குப் பிந்தைய முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வரை மாற்றாமல் நிறுத்திவைத்தது. எல்லைகள் மீண்டும் வரையப்படும் காலத்தில், நம் ஊர்களும் அண்டையிலுள்ள பிற சமயத்தாரும் சேர்ந்து, ஆறு, பாசனம், சாலை, சந்தை ஆகியவற்றைச் சான்றாகக் காட்டி மனுச் செய்ய வேண்டும். அம்மனுவில் நம் பெண்களின் கையெழுத்தும் இருக்கட்டும். வென்றவரின் பெயரைத் தேடி ஏமாந்தது போதும். நம் கணக்கை நாமே எழுதத் தொடங்குவோம்.