திரையில் விழுந்த கோடு யார் குற்றம்?

விருதுநகர் மாவட்டத்தின் தலைநகரம் விருதுநகர். ஆட்சியர் அலுவலகமும் அங்கேதான். ஆனால் கோர்ட், கேஸ் என்று வந்துவிட்டால் வண்டியை ஸ்ரீவில்லிபுத்தூருக்குத் திருப்ப வேண்டும். மாவட்ட நீதிமன்றம் அங்கே இருக்கிறது. மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையமும் அங்கேதான் கூடுகிறது. ராஜபாளையத்திலிருந்து பஸ் ஏறினால் அரை மணி நேரம். பால்கோவா வாங்கப் போகிற தூரத்தில் ஒரு நுகர்வோர் மன்றம் இருப்பது, தமிழ்நாட்டின் எல்லாச் சிற்றூர்களுக்கும் வாய்க்காத வசதி.

இந்த வசதி அதிகம் தேவைப்பட வேண்டிய வழக்குகளில் ஒன்று மடிக்கணினித் திரை. கிருஷ்ணன்கோவிலில் கலசலிங்கம் பல்கலைக்கழகம், ராஜபாளையத்தில் ராம்கோ இன்ஸ்டிட்யூட் ஆப் டெக்னாலஜி, சுற்றிலும் கலைக் கல்லூரிகள், பாலிடெக்னிக்குகள். பிள்ளை கல்லூரியில் சேர்ந்ததும் நூற்பாலையில் வேலை பார்க்கும் அப்பாவும், சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணித் தறி ஓட்டும் அம்மாவும் தவணையில் எடுத்துத் தருகிற பொருள் அது. நாற்பது, ஐம்பதாயிரம் ரூபாய். தவணை முடியும் முன்பே ஒருநாள் திரையில் மேலிருந்து கீழாக ஒரு கோடு விழுகிறது. அல்லது மூடியைத் திறக்கும்போது படம் நடுங்குகிறது. அல்லது பாதித் திரை இருண்டு போகிறது.

கம்பெனியின் சர்வீஸ் சென்டர் மதுரையில் இருக்கும். அங்கே கொண்டுபோனால் பெரும்பாலும் கேட்கிற வாக்கியம் ஒன்றுதான்: "இது பிசிக்கல் டேமேஜ் சார், வாரண்டியில வராது." எதையோ இடித்துவிட்டீர்கள், அழுத்திவிட்டீர்கள், பையில் வைத்து நசுக்கிவிட்டீர்கள் என்று பொருள். புதுத் திரைக்கு இவ்வளவு ஆகும் என்று எஸ்டிமேட் தருவார்கள். வாங்கியவருக்கு இடித்ததாக ஞாபகம் இல்லை. ஆனால் இடிக்கவில்லை என்று எப்படி நிரூபிப்பது?

பொருளை விற்றவரும், பழுதைப் பார்க்கிறவரும், பழுதுக்குக் காரணம் சொல்கிறவரும் ஒரே தரப்பு. திரை தொடர்பான வழக்குகளின் மொத்தச் சிக்கலும் இதில்தான் இருக்கிறது.

உண்மையில் திரை தன் கதையைத் தானே சொல்லக்கூடிய பொருள். சாதாரண ஃபுல் எச்டி திரையில் குறுக்கே 1920, நெடுக்கே 1080 என ஏறத்தாழ 20.7 லட்சம் புள்ளிகள். ஒவ்வொன்றுக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று துணைப்புள்ளிகள். ஆக, நெடுக்காக ஓடும் மின்தடங்கள் மட்டும் 5,760. இவற்றை இயக்கும் சில்லுகள் திரையின் விளிம்பில் மெல்லிய படலத்தின்மேல் அமர்ந்திருக்கின்றன. அந்தப் படலத்தைக் கண்ணாடியோடு இணைப்பது, மின்கடத்தும் நுண்துகள் கலந்த ஒரு பசை. வெப்பத்திலும் அழுத்தத்திலும் ஒட்டப்பட்ட அந்தப் பசை ஓரிடத்தில் விட்டுப்போனால் அதற்குரிய தடம் செத்துப்போகும்; மேலிருந்து கீழ்வரை ஒரே சீராக, ஊசியால் கீறியது போன்ற ஒற்றைக் கோடு விழும். கைபட்டு உடைந்த திரை இப்படி இருக்காது. அடி விழுந்த புள்ளி தெரியும். அதிலிருந்து சிலந்தி வலை போல விரிசல் ஓடும். உள்ளே இருக்கும் திரவப் படிகம் கசிந்து மை கொட்டியது போல் கறுப்புத் திட்டு படரும். மூடியை ஒரு கோணத்தில் நிறுத்தினால் படம் வருகிறது, அசைத்தால் போகிறது என்றால் கீலுக்குள் மடங்கி மடங்கிச் செல்லும் கேபிளைத்தான் சந்தேகிக்க வேண்டும். ராஜபாளையத்தில் பத்து வருடமாகக் கணினி பழுது பார்க்கிற ஒருவருக்கு உருப்பெருக்கிக் கண்ணாடி ஒன்றைக் கொடுத்தால் இந்த மூன்றையும் பிரித்துச் சொல்லிவிடுவார். எல்லாத் திரைகளும் இவ்வளவு தெளிவாகப் பேசும் என்பதில்லை. மெல்லிய அழுத்தத்தாலும் விளிம்புப் பிணைப்பு விடலாம். அந்த இடத்தில்தான் முறையான சோதனை வேண்டும்.

சட்டம் யார் பக்கம்? காகிதத்தில் பார்த்தால், வாங்கியவர் பக்கம்தான். 2020 ஜூலை 20-ல் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, பொருள் எங்கே விற்கப்பட்டது என்று பார்க்காமல், வாங்கியவர் வசிக்கும் ஊரிலேயே புகார் கொடுக்க அனுமதிக்கிறது. ஆன்லைனில் பெங்களூரு கம்பெனியிடம் வாங்கியிருந்தாலும் ராஜபாளையத்துக்காரர் ஸ்ரீவில்லிபுத்தூரில் வழக்குப் போடலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் புகாருக்குக் கட்டணமே கிடையாது. வக்கீல் வைத்தே தீர வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் புகார் கொடுத்தால் போதும். ஆணையம் குறையைச் சரிசெய்யச் சொல்லலாம், பொருளை மாற்றித் தரச் சொல்லலாம், பணத்தைத் திருப்பித் தரச் சொல்லலாம், மன உளைச்சலுக்கும் சேர்த்து இழப்பீடு விதிக்கலாம். உத்தரவை மதிக்காதவருக்கு ஒரு மாதம் முதல் மூன்றாண்டு வரை சிறை விதிக்கவும் சட்டத்தில் இடமுண்டு.

ஒரு சின்ன எச்சரிக்கை. வியாபாரத்துக்காக வாங்கிய பொருள் என்றால் நுகர்வோர் என்ற தகுதி போய்விடும். கோவை பி.எஸ்.ஜி. இண்டஸ்ட்ரியல் இன்ஸ்டிட்யூட்டிடம் இயந்திரம் வாங்கிய லட்சுமி இன்ஜினியரிங் ஒர்க்ஸ் 1995-ல் உச்ச நீதிமன்றத்தில் தோற்றது இந்தக் காரணத்தால்தான். அதே தீர்ப்பு, பிழைப்புக்காகத் தானே உழைக்கிற சுயதொழில்காரரை நுகர்வோராக ஏற்றுக்கொண்டது. ஆகவே ஆலை அலுவலகத்துக்குப் பத்து மடிக்கணினி வாங்கிய நிர்வாகம் வேறு வழி தேட வேண்டும். ஒற்றைக் கணினியோடு டிடிபி கடை வைத்திருப்பவர் தாராளமாகப் போகலாம்.

இவ்வளவு இருந்தும் திரை வழக்குகள் ஏன் சறுக்குகின்றன? பொருளில் குறை இருக்கிறது என்று காட்டும் சுமை புகார் கொடுத்தவர் தலையில் இருக்கிறது. பார்த்த மாத்திரத்தில் முடிவு செய்ய முடியாத குறை என்றால், மாதிரியை முத்திரையிட்டு 'உரிய ஆய்வகத்துக்கு' அனுப்ப வேண்டும் என்கிறது 38-வது பிரிவு. 45 நாளில் அறிக்கை வர வேண்டும். ஆய்வுக் கட்டணத்தைப் புகார்தாரர் கட்ட வேண்டும். அரிசிக்கும் எண்ணெய்க்கும் ஆய்வகம் உண்டு. மடிக்கணினித் திரையின் விளிம்புப் பிணைப்பைச் சோதித்து எழுத்துப்பூர்வமாகச் சொல்லும் ஆய்வகத்தை ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்துகொண்டு எங்கே தேடுவது? கடைசியில் ஆணையத்தின் முன் இருக்கும் ஒரே தொழில்நுட்ப ஆவணம், எதிர்த்தரப்பின் சர்வீஸ் சென்டர் எழுதிய ஜாப் ஷீட். அதில் 'பிசிக்கல் டேமேஜ்' என்ற இரண்டு சொற்கள்.

போதாததற்கு, குறை நிரூபணமானாலும் முழுப் பொருளையும் கேட்க முடியாமல் போகலாம். மாருதி கார் வழக்கு ஒன்றில் 2006-ல் உச்ச நீதிமன்றம், பழுதான பாகத்தை மாற்றித் தருவதாகத்தான் வாரண்டி சொல்கிறது என்றால் காரையே மாற்றித் தரச் சொல்வது சரியல்ல என்றது. கம்பெனி வக்கீல்களின் பையில் அந்தத் தீர்ப்பு எப்போதும் இருக்கும்.

டென்மார்க்கில் நடந்ததை இங்கே பொருத்திப் பார்க்கலாம். ஆப்பிளின் ஐபுக் ஜி4 மடிக்கணினிகள் வாரண்டி முடிந்த சில மாதங்களில் செயலிழக்கின்றன என்று அந்நாட்டு நுகர்வோர் புகார் வாரியத்துக்குப் புகார்கள் வந்தன. யார் சொல்வது சரி என்று இரு தரப்பையும் வாதாட விட்டுவிட்டு வாரியம் உட்கார்ந்திருக்கவில்லை. தானே ஒரு மின்னணு ஆய்வகத்திடம் சோதனைக்குக் கொடுத்தது. கணினியை இயக்கும்போது சூடாகி, அணைக்கும்போது குளிர்ந்து, நாளடைவில் உள்ளே ஒரு சால்டர் இணைப்பு விட்டுப்போகிறது என்று 2007-ல் முடிவு வந்தது. வாங்கியவர் கைபட்ட குற்றமில்லை என்பது அதோடு தெளிவானது.

அமெரிக்காவில் 2008-ல் இன்னும் பெரிய கூத்து. என்விடியாவின் கிராபிக்ஸ் சில்லுகளில் ஒரு பகுதியின் மூலப்பொருள் பலவீனமாக இருந்ததால் டெல், எச்.பி., ஆப்பிள் மடிக்கணினிகளில் படம் சிதைந்தது, திரை கறுத்தது. திரையே கெட்டுவிட்டது என்று நினைத்தவர்கள் பலர். அந்த ஆண்டு ஜூலையில் என்விடியா தானாகவே 15 முதல் 20 கோடி டாலர் வரை இந்தச் செலவுக்கு ஒதுக்குவதாக அறிவித்தது. கூட்டு வழக்கு 2010-ல் சமரசத்தில் முடிந்தது.

கூட்டு வழக்கு எப்போதும் வெல்லும் என்றும் இல்லை. 2016-ல் வந்த மேக்புக் புரோவில் திரைக்குச் செல்லும் கேபிள் குட்டையாக இருந்ததால், மூடித் திறந்து தேய்ந்து, திரையின் அடியில் மேடை விளக்கு போல வெளிச்சத் திட்டுகள் விழுந்தன. 2018 மாடலில் கேபிள் 2 மில்லிமீட்டர் நீளமாகியிருந்ததைப் பழுதுபார்ப்பு நிறுவனமான ஐஃபிக்ஸிட் பிரித்துக் காட்டியது. 2019 மே மாதத்தில் ஆப்பிள் 13 அங்குல மாடலுக்கு மட்டும் இலவசப் பழுதுநீக்கம் அறிவித்தது. கலிபோர்னியாவில் தொடுத்த வழக்கோ தள்ளுபடியானது. இரண்டு மில்லிமீட்டரைக் கூட்டியவர்களுக்குக் குறை தெரியாது என்பதை நம்புவது கடினம்தான்.

இந்தியாவிலும் நிறுவனங்கள் இறங்கிவந்த நேரமுண்டு. கைபேசிகளில் மென்பொருள் அப்டேட்டுக்குப் பிறகு பச்சைக் கோடு விழுகிறது என்று வாடிக்கையாளர்கள் ஓயாமல் கத்தியதில், 2024 ஏப்ரலில் சாம்சங் சில கேலக்ஸி மாடல்களுக்கு ஒருமுறை இலவசமாகத் திரை மாற்றித் தந்தது. ஒன்பிளஸ் பச்சைக் கோட்டுக்கு வாழ்நாள் வாரண்டியே அறிவித்தது. இரண்டும் நிறுவனங்கள் பார்த்துக் கொடுத்த சலுகைகள். நாளை திரும்பப் பெற்றால் கேட்க நாதியில்லை. ஆயிரக்கணக்கானோருக்கு ஒரே குறை வந்தால் விசாரிக்கவும், ஆபத்தான பொருளைத் திரும்பப் பெற உத்தரவிடவும் அதிகாரம், 2020 ஜூலையில் அமைந்த மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கு இருக்கிறது. தரமற்ற பிரஷர் குக்கர்களை விற்றதற்காக 2022-ல் அமேசான், ஃபிளிப்கார்ட் மீது அந்த அதிகாரம் பாய்ந்தது. குக்கருக்குக் காட்டிய சுறுசுறுப்பைத் திரைகளுக்கும் காட்டலாம்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் நிலைமையே வேறு. பொருள் கைக்கு வந்து ஓராண்டுக்குள் குறை தெரிந்தால், அது விற்கும்போதே இருந்தது என்றுதான் 2019-ல் வந்த நெறிமுறை எடுத்துக்கொள்கிறது. இல்லை என்று காட்ட வேண்டியது விற்றவர் பாடு. பிரிட்டனில் இந்த அனுமானம் ஆறு மாதம். நம் சட்டத்தில் இப்படி ஒரு வரி இல்லை. 2019-ல் சட்டத்தைப் புதுப்பித்தபோது தயாரிப்பாளர் பொறுப்பு என்று ஒரு தனி அத்தியாயமே சேர்த்தவர்கள், இந்த ஒரு வரியை விட்டுவிட்டார்கள். 'பிசிக்கல் டேமேஜ்' என்று சொல்பவர்தான் அதை நிரூபிக்க வேண்டும் என்ற விதி வந்தாலே பாதி வழக்குகள் சர்வீஸ் சென்டர் கவுண்டரில் முடிந்துவிடும்.

தமிழ்நாட்டுக்கு இதில் கூடுதல் அக்கறை வேண்டும். 2011 செப்டம்பர் 15-ல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் மாநில அரசின் எல்காட் நிறுவனம் மூலம் லட்சக்கணக்கான கணினிகள் மாணவர் கைக்குப் போயின. 2025-26 நிதிநிலை அறிக்கை 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்குக் கணினி தருவதாக அறிவித்தது. காசு கொடுத்து வாங்காத மாணவர் நுகர்வோரா? இலவசம்தானே என்று வாயை அடைத்துவிட முடியாது. விலை கொடுத்து வாங்கியவரின் சம்மதத்தோடு பொருளைப் பயன்படுத்துகிறவரும் நுகர்வோரே என்கிறது சட்டம். இங்கே விலை கொடுத்தது அரசு, சம்மதம் தந்ததும் அரசு. வாதாட நல்ல இடமிருக்கிறது. திரை போன அரசுக் கணினியோடு யாராவது ஸ்ரீவில்லிபுத்தூர் படியேறினால் பயனுள்ள தீர்ப்பு ஒன்று கிடைக்கக்கூடும்.

வழக்குக்குப் போகிறவர்கள் சில காரியங்களை முன்கூட்டியே செய்துவைப்பது நல்லது. கோடு விழுந்த அன்றே திரையை எரியும் நிலையிலும் அணைந்த நிலையிலும், நான்கு மூலைகளோடும் கீலோடும் படமெடுக்க வேண்டும். சர்வீஸ் சென்டரில் ஒப்படைக்கும்போது வெளிக்காயம் எதுவுமில்லை என்று ஜாப் ஷீட்டில் எழுதி வாங்க வேண்டும்; பிறகு விரிசல் முளைத்தால் அது யார் கையில் முளைத்தது என்று தெரியும். பில்லைத் தொலைக்கக் கூடாது. பில் தர மறுப்பதே நியாயமற்ற வணிக நடைமுறை என்பதைக் கடைக்காரருக்கு நினைவூட்டலாம். 1915 என்ற தேசிய உதவி எண்ணுக்கு முதலில் பேசிப் பார்க்கலாம். பல கம்பெனிகள் வழக்கு வரும் என்று தெரிந்ததும் குரலைத் தாழ்த்திக்கொள்கின்றன.

ஆனால் படமெடுத்துவைக்கும் பொறுப்பை வாங்கியவர் தலையில் கட்டிவிட்டு அரசு ஒதுங்க முடியாது. சோதனை அறிக்கை மூன்றாம் தரப்பிடமிருந்து வர வேண்டும். அதற்கான ஆட்கள் இந்த மாவட்டத்திலேயே இருக்கிறார்கள். மின்னணுவியல் துறைகளும், நுண்ணோக்கிகளும், படித்த பேராசிரியர்களும் உள்ள கல்லூரிகள் கிருஷ்ணன்கோவிலிலும் ராஜபாளையத்திலும் இயங்குகின்றன. தனியார் கல்லூரி என்பதால் அவை தாமாக 'உரிய ஆய்வகம்' ஆகிவிட முடியாது; அரசு அங்கீகரிக்க வேண்டும். அந்த அதிகாரத்தைச் சட்டத்தின் 2-வது பிரிவு மாநில அரசுக்கும் தந்திருக்கிறது. மத்திய அரசின் வழிகாட்டுதலுக்கு உட்பட்டு, மாவட்டத்துக்கு ஓரிரு பொறியியல் கல்லூரிகளை மின்னணுப் பொருள்களுக்கான ஆய்வகமாக அறிவிக்கட்டும். ஆய்வுக் கட்டணத்துக்கு ஓர் உச்சவரம்பு வைக்கட்டும். தோற்ற கம்பெனியிடமிருந்து அதை ஆணையம் வசூலித்துத் தரட்டும். இதற்கு நாடாளுமன்றம் கூட வேண்டியதில்லை; சென்னையிலிருந்து ஓர் அரசாணை போதும்.