பயிலும் இடமே பணியிடம் ஆகும்

நோயற்ற வாழ்வே குறைவற்ற செல்வம் என்று வாய்மணக்கக் கூறும் நம் நாட்டில், அச்செல்வம் நகரத்தார்க்கு மிகுதியாகவும் நாட்டுப்புறத்தார்க்குக் குறைவாகவும் பங்கிடப்பட்டிருப்பது கண்கூடு. மாநகரின் ஒரே சாலையில் பத்து மருத்துவமனைகள் நிற்கின்றன. மலையடிவாரச் சிற்றூரிலோ, நள்ளிரவில் பேறுகால வலி கண்ட பெண்ணை நெடுந்தொலைவு கொண்டுசெல்லும் நிலை இன்னும் முற்றிலும் மாறவில்லை. இதற்குக் காரணம் யாது? மருத்துவர்க்குத் தொண்டு மனம் இல்லை என்று கூறிவிடுதல் எளிது. அது முழு உண்மையன்று. மருத்துவர் எங்குப் பணியாற்ற விரும்புவார் என்பதை, அவரை நாம் எங்கு வைத்துப் பயிற்றுகிறோம் என்பதே பெரிதும் முடிவு செய்கிறது. இதனை நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

எம்.பி.பி.எஸ். படிப்பும் ஓராண்டுப் பயிற்சியும் முடித்தவர், பட்ட மேற்படிப்பில் சேர்ந்து மூன்றாண்டுகள் மருத்துவமனையிலேயே தங்கிப் பணியாற்றியவாறு பயில்கிறார். ஒரு மருத்துவரை உருவாக்கும் காலம் இதுவே. எந்த நோயைத் தாமே பார்ப்பது, எதனை மேல்மருத்துவமனைக்கு அனுப்புவது, யாரைத் தம் ஆசானாகக் கொள்வது என்பன யாவும் இக்காலத்தில்தான் உறுதிப்படுகின்றன. இந்த மூன்றாண்டுகளையும் மாநகரின் பெருமருத்துவமனையில் கழித்தவர், கேட்டவுடன் ஸ்கேன், அழைத்தவுடன் மயக்க மருந்து வல்லுநர் என்னும் வசதிகளுக்குப் பழகிவிடுகிறார். பின்னர் அவரை வட்டார மருத்துவமனையில் தனியே நிறுத்தினால் அஞ்சுவது இயல்பே. நீச்சல் குளத்தில் மட்டுமே நீந்தியவரை ஆற்று வெள்ளத்தில் இறக்கிவிட்டுக் குறை கூறுவது முறையாகுமா?

இதன் விளைவைப் புள்ளிவிவரம் காட்டுகிறது. ஊரகச் சமுதாய நலவாழ்வு மையங்களில் அறுவை மருத்துவர், பொது மருத்துவர், மகப்பேறு மருத்துவர், குழந்தை மருத்துவர் ஆகியோர் இருத்தல் வேண்டும் என்பது நடுவண் அரசின் நெறி. ஆனால், 2021-22ஆம் ஆண்டின் அரசுப் புள்ளிவிவரப்படி, நாடு முழுவதும் இம்மையங்களுக்குத் தேவையான சிறப்பு மருத்துவருள் ஏறத்தாழ 80 விழுக்காட்டினர் இல்லை. கட்டடம் இருக்கிறது, கட்டில் இருக்கிறது, கைதேர்ந்த மருத்துவர் இல்லை.

மருத்துவத்தை மக்களிடம் கொண்டுசெல்வது புதிய கருத்தன்று. பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பக்தாதில் அப்பாஸிய அரசின் அமைச்சராக இருந்த அலீ இப்னு ஈஸா, தலைமை மருத்துவர் ஸினான் இப்னு தாபித்துக்கு ஓர் ஆணை விடுத்தார். ஸவாது எனப்படும் நாட்டுப்புறங்களில் மருத்துவர் இல்லாமல் நோயாளிகள் துன்புறுகின்றனர். ஆகவே மருந்துகளோடு மருத்துவர்களை அனுப்பி, தேவைப்படும் காலம்வரை ஒவ்வோர் ஊரிலும் தங்கச் செய்க என்பது அதன் கருத்து. கி.பி. 931இல், மருத்துவர் ஒருவரின் பிழையால் நோயாளி இறந்தபோது, பக்தாது மருத்துவர்களைத் தேர்வு செய்து தகுதி காணும் பொறுப்பைக் கலீபா அல்-முக்ததிர் ஒப்படைத்ததும் இதே ஸினானிடந்தான். தகுதியும் தொண்டும் ஒருவர் கையிலேயே இணைந்திருந்தன. நாட்டுப்புறத்துக்குத் தகுதி குறைந்தவர் போதும் என்று அன்று எண்ணவில்லை. நாமும் எண்ணலாகாது.

இன்றைய உலகமும் இதே முடிவுக்கு வந்துள்ளது. உலக நலவாழ்வு நிறுவனம் 2010இல் வெளியிட்டு, 2021இல் புதுப்பித்த பரிந்துரைகளில், ஊரகப் பின்னணி உடைய மாணவரைச் சேர்த்தல், ஊரகத்திலேயே பயிற்சி அளித்தல், தங்குமிடமும் ஊக்கமும் வழங்குதல் ஆகியன வலியுறுத்தப்பட்டுள்ளன. நம் அருகிலேயே இதற்குச் சான்று உண்டு. தருமபுரி மாவட்டத்தில் கல்வராயன் மலைக்கும் சித்தேரி மலைக்கும் இடைப்பட்ட சிட்லிங்கிப் பள்ளத்தாக்கில், 1993இல் ஒரு மருத்துவத் தம்பதியர் குடிசையில் தொடங்கிய பணி, இன்று மருத்துவமனையாக வளர்ந்து நிற்கிறது. அவ்வூர்ப் பழங்குடிப் பெண்களையே செவிலியராகவும் நலப் பணியாளராகவும் அவர்கள் பயிற்றினர். அவ்விடத்திலேயே பயின்றோர் அவ்விடத்து மக்களைக் காத்து வருகின்றனர்.

தமிழ்நாடு இத்துறையில் முன்னோடி என்பது மிகையன்று. அரசுப் பணியிலுள்ள மருத்துவர்க்குப் பட்ட மேற்படிப்பில் தனி ஒதுக்கீடு இங்கு நெடுங்காலம் வழங்கப்பட்டது. ஆரம்ப நலவாழ்வு நிலையத்தில் பணியாற்றியவர் மேற்படிப்பு முடித்து மீண்டும் அரசுப் பணிக்கே வருவார் என்பதே அதன் நோக்கம். இடையில் சட்டச் சிக்கல் எழுந்தபோதும், 2020 ஆகஸ்ட் 31 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, இத்தகைய ஒதுக்கீடு வழங்க மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டு எனத் தீர்ப்பளித்தது. அடுத்து, 2022 ஜனவரியில் இராமநாதபுரம், அரியலூர், நீலகிரி உள்ளிட்ட 11 மாவட்டங்களில் அரசு மருத்துவக் கல்லூரிகள் திறக்கப்பட்டன. கல்லூரி மாவட்டத்துக்கு வந்துவிட்டது. அடுத்து, பயிற்சி வட்டாரத்துக்கு வருதல் வேண்டும்.

அதற்கும் ஒரு வாயில் திறந்திருக்கிறது. 2020இல் திருத்தப்பட்ட விதிகளின்படி, பட்ட மேற்படிப்பு மாணவர் ஒவ்வொருவரும் மூன்று மாத காலம் மாவட்ட மருத்துவமனை முறையில் பணியாற்றிப் பயிலுதல் கட்டாயம். இதனை மாவட்ட உறைவிடப் பயிற்சி என்பர். நோக்கம் நன்று. எனினும், கற்பிப்பார் இல்லாத இடத்துக்கு அனுப்பினால் அது பயிற்சியாகாது. ஆள் பற்றாக்குறையை நிரப்பும் ஏற்பாடாகவே முடியும். இரவுப் பணி மட்டும் பார்த்து, தங்க அறையின்றி, ஒரு பாடமும் கேளாமல் திரும்பும் இளைஞர், இனி இவ்வூர்ப் பக்கம் வருவதில்லை என்னும் உறுதியோடுதான் திரும்புவார். அரைகுறையாக நடத்தப்படும் ஊரகப் பயிற்சி, ஊரக மருத்துவத்துக்கே பகையாகிவிடும் என்பதை உணர்தல் வேண்டும்.

தமிழ்த் துறையினராகிய நாம் இதில் ஒன்றைச் சிறப்பாகக் கூறக் கடமைப்பட்டுள்ளோம். நாட்டுப்புற நோயாளி தம் நோயைத் தம் வட்டார மொழியில்தான் கூறுவார். நெஞ்சு கரிக்கிறது என்பது வேறு. நெஞ்சை அடைக்கிறது என்பது வேறு. முன்னது செரியாமையாக இருக்கலாம். பின்னது மாரடைப்பின் அறிகுறியாக இருக்கலாம். முழுகாமல் இருக்கிறேன் என்று ஒரு பெண் நாணத்தோடு கூறினால், தாம் கருவுற்றிருப்பதைக் கூறுகிறார். இச்சொற்களை எந்த மருத்துவ நூலும் கற்பிப்பதில்லை. மக்களிடையே வாழ்ந்து பயில்பவரே இவற்றைக் கற்பார். உயிர் காக்கும் கலையில் தாய்மொழியும் ஒரு கருவி அன்றோ?

பயிற்சி மருத்துவரிடம் ஏழைகளை ஒப்படைப்பது தகுமா என்று சிலர் வினவலாம். வினா நியாயமானதே. ஆனால், மாநகர மருத்துவமனையிலும் ஏழையரைப் பார்ப்போர் பயிற்சி மருத்துவர்களே. ஆசான் அருகில் இருக்கும்வரை அங்குக் குறை நேர்வதில்லை. ஆகவே, ஆசானும் ஊருக்கு வருதல் வேண்டும் என்பதே இதற்கு விடை. மாவட்ட மருத்துவமனையிலும் வட்டார மருத்துவமனையிலும் பணிபுரியும் அனுபவமிக்க மருத்துவர்க்கு ஆசிரியர் தகுதியும் மதிப்பூதியமும் வழங்குதல் வேண்டும். ஒரு துறையை மட்டும் அறிந்தவரினும் அனைத்தையும் ஓரளவு கையாளும் குடும்ப மருத்துவ வல்லுநரே சிற்றூர்க்கு மிகத் தேவை. ஆதலின் அப்படிப்புக்கு ஊரக மருத்துவமனைகளில் இடங்களைப் பெருக்குதல் வேண்டும். பெண் மருத்துவர்க்குப் பாதுகாப்பான தங்குமிடம் இன்றியமையாதது. ஆண் மருத்துவரிடம் செல்லத் தயங்கி நோயை மறைக்கும் பெண்கள் நம் ஊர்களில் உள்ளனர் என்பதை நாம் அறிவோம்.

அரசுதான் அனைத்தையும் செய்தல் வேண்டும் என்று நாம் கைகட்டி நிற்பதும் முறையன்று. கெய்ரோவில் கி.பி. 1284இல் சுல்தான் கலாவூன் நிறுவிய மருத்துவமனை வக்ஃபு வருவாயில் நடந்தது. நோயாளிகளைப் பேணியதோடு, மாணவர்க்கு மருத்துவம் கற்பிக்கும் இடமாகவும் அது விளங்கிற்று. அம்மரபினராகிய நாம் என் செய்யலாம்? அரசு மருத்துவமனை உள்ள ஊர்களின் ஜமாஅத்துகளும் அறக்கட்டளைகளும், பயிற்சிக்கு வரும் மருத்துவர்க்கு ஒரு வீட்டை ஒதுக்கித் தரலாம். இரண்டு கட்டில், ஒரு மேசை, இணைய வசதி போதும். ஊரில் மருத்துவம் பயில விழையும் ஏழை மாணவிக்குச் சமய வேறுபாடு கருதாது கல்வி உதவி அளிக்கலாம். தம் ஊர்க்கு வந்த இளைய மருத்துவரைத் திருமண விருந்துக்கும் பெருநாள் உணவுக்கும் அழைக்கலாம். இவை சிறிய செயல்களே. ஆனால், ஓர் ஊர் தம்மை விரும்புகிறது என்று உணர்ந்தவர் அவ்வூரை எளிதில் துறப்பதில்லை.

ஒப்பந்தப் பத்திரமும் தண்டத்தொகையும் ஒரு மருத்துவரைச் சில ஆண்டுகள் கட்டிவைக்கும். அவர் மனத்தைக் கட்டா. ஊரகத்தில் நல்ல ஆசானிடம் பயின்ற மனம் தானே அங்கு வேர்விடும். நாற்றங்கால் எங்கோ அமைய, விளைச்சல் மட்டும் நம் வயலில் வேண்டும் என்றால் நடவாது. வருங்கால மருத்துவரின் நாற்றங்காலை நாட்டுப்புறத்தில் அமைப்போமாக. அதற்குத் துணைநிற்கும் நல்லுள்ளத்தை வல்ல இறைவன் நம் அனைவர்க்கும் அருள்வானாக.