பிடிபடாத ஆவி

வீடியோ விளையாட்டுகளைப் பற்றி இலக்கிய வாசகர்களிடம் பேசத் தொடங்கினால் இரண்டு விதமான எதிர்வினைகள் வரும். ஒன்று, குழந்தைகள் சமாச்சாரம் என்ற சிரிப்பு. மற்றொன்று, கதை நன்றாக இருந்தால் அதுவும் இலக்கியம்தானே என்ற பெருந்தன்மை. இரண்டாவதுதான் என்னை அதிகம் சங்கடப்படுத்துகிறது. அது விளையாட்டின் வசனங்களை மட்டும் கதை என்று எடுத்துக்கொண்டு, விதிகளை வெறும் கணக்கு என்று ஒதுக்கிவிடுகிறது. போகிமான் விளையாட்டுகளில் வரும் ஆவி வகைப் பிராணிகளைப் பொறுத்தவரை நிலைமை நேர் எதிரானது. அங்கே வசனம் எழுதியவர்களைவிட விதி எழுதியவர்களே தேர்ந்த கதைசொல்லிகள். அதே விதிகள் பிற்பாடு எங்கே வந்து நின்றன என்பதில் எனக்கு மனத்தாங்கலும் உண்டு. இரண்டையும் சொல்லிவிட வேண்டும் என்றே இதை எழுதுகிறேன்.

பரிச்சயமில்லாதவர்களுக்காகச் சுருக்கமாக. சதோஷி தஜிரியும் அவருடைய கேம் ஃப்ரீக் நிறுவனமும் உருவாக்கிய இந்த விளையாட்டின் முதல் இரு பதிப்புகள் 1996 பிப்ரவரியில் ஜப்பானில், நிண்டெண்டோவின் கேம் பாய் கருவிக்காக வெளிவந்தன. புல்வெளியிலும் குகையிலும் திரியும் பிராணிகளைப் பந்தெறிந்து பிடித்து, வளர்த்து, பிறர் வளர்த்த பிராணிகளோடு மோதவிட வேண்டும். ஒவ்வொரு பிராணிக்கும் ஒன்றோ இரண்டோ வகை உண்டு. நீர் நெருப்பை வெல்லும், நெருப்பு புல்லை எரிக்கும் என்ற ரீதியில் வகைகளுக்குள் ஓர் உறவு அட்டவணை. முதல் பதிப்பில் 15 வகைகள், 151 பிராணிகள். அவற்றில் ஆவி வகை மூன்றே மூன்றுதான்: கேஸ்ட்லி, அது வளர்ந்தால் ஹாண்டர், அதுவும் வளர்ந்தால் ஜெங்கர்.

ஒரு சிறு விலகல். நெருப்பு, நீர், நஞ்சு, பூச்சி ஆகியவற்றுக்கெல்லாம் ஜப்பானியச் சொற்களையே வைத்தவர்கள், ஆவிக்கு 'கோஸ்ட்' என்ற ஆங்கிலச் சொல்லை வாங்கிக்கொண்டார்கள். ஜப்பானிய மொழியில் இதற்குச் சொற்பஞ்சமே கிடையாது. யூரெய் என்றால் இறந்தவரின் ஆவி, ஓன்ர்யோ என்றால் வஞ்சம் தீர்க்க வந்த ஆவி, யோகாய் என்றால் விசித்திரப் பிறவிகள் எல்லாமே. இத்தனையில் எந்த ஒன்றைத் தேர்ந்தாலும் அதன் பின்னால் ஒரு மரணம், ஒரு சடங்கு, ஒரு கோயில் என்று ஏதாவது ஒட்டிக்கொண்டு வந்துவிடும். கடன்வாங்கிய சொல்லில் அந்த ஒட்டு இல்லை. பிடித்துப் பந்தில் அடைக்கத் தோதான சொல் அது.

இனி அட்டவணைக்கு வருவோம். சாதாரண வகை, மல்யுத்த வகை ஆகிய இரண்டின் அடிகளும் ஆவியின் மேல் படாது. குறைவாகப் படும் என்பதல்ல, அறவே படாது. கைக்கும் காலுக்கும் எட்டாத ஒன்றோடு மோதுகிறோம் என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியுமா? பதிலுக்கு ஆவியின் அடியும் சாதாரணப் பிராணியின் மேல் படாது. அன்றாடத்தில் உழலும் ஜீவனும் ஆவியும் ஒரே அறையில் இருந்தும் ஒன்றையொன்று கடந்து போய்விடுகின்றன. ஆவியை ஆவி காயப்படுத்தும். மனோசக்தி கொண்ட பிராணிகள் ஆவிக்கு அஞ்சும், அதாவது மனம் கூர்மையாக உள்ளவனுக்கே பயம். 1999-இல் வந்த இரண்டாம் தலைமுறையில் ஆவியை அடக்க ஒரு புதிய வகையைச் சேர்த்தார்கள். ஆங்கிலத்தில் அதற்கு இருள் என்று பெயர். ஜப்பானிய மூலத்தில் அது 'அகு', அதாவது தீமை. ஆவிக்கு மேலே நிற்பது தீமை என்று ஒரு குழந்தைகள் விளையாட்டின் அட்டவணை சொல்கிறது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. முதல் பதிப்பில் மனோசக்தி வகையின் மேல் ஆவியின் அடி படவே இல்லை. மனோசக்திப் பிராணிகள் அஞ்சுவது ஆவிக்கும் பூச்சிக்கும்தான் என்று விளையாட்டுக்குள் ஒரு பாத்திரமே சொல்கிறது. நிரலோ அதை மறுக்கிறது. எழுதும்போது நேர்ந்த பிழை என்றே பொதுவாகக் கருதப்படுகிறது, அடுத்த தலைமுறையில் திருத்தியும் விட்டார்கள். அந்தப் பதிப்பில் ஆவிக்கென்று இருந்த அடிகளும் பரிதாபமானவை. நாக்கால் நக்குவது ஒன்று, அதன் வலிமை 20. இரவு நிழல் மற்றொன்று, அது அடிப்பவரின் நிலை எவ்வளவோ அவ்வளவு மட்டுமே குறைக்கும். அப்படியிருந்தும் போட்டிகளில் ஜெங்கருக்கு இடம் இருந்தது. அன்றைய களத்தை ஆண்டவை சாதாரண வகையின் பெரிய அடிகள். எதிரி தன்னையே வெடித்துக்கொண்டு சாகும்போதுகூட ஜெங்கர் அந்தப் புகைக்குள் புன்னகையோடு மிதந்துகொண்டிருக்கும். அதன் பலம் முழுவதும் அதன்மேல் எது படாது என்பதில்தான் இருந்தது.

அந்த முதல் பதிப்பிலேயே லாவெண்டர் என்றொரு சிற்றூர் வருகிறது. அங்கே இறந்துபோன பிராணிகளுக்கான கல்லறைக் கோபுரம் ஒன்று. உள்ளே எதிர்ப்படும் உருவங்களை இன்னதென்று அறிய முடியாது. நம்முடைய பிராணிகள் பயத்தில் அசைய மறுக்கின்றன, பந்தெறிந்தால் விலகிப்போகிறது. ஒரு விசேஷக் கண்ணாடியைத் தேடிக்கொண்டு வந்த பிறகே அவை கேஸ்ட்லி என்றும் ஹாண்டர் என்றும் தெரிகின்றன. பெயர் தெரிந்த மறுகணம் பிடிக்கவும் முடிகிறது. உச்சிக்குப் போகும் வழியை மறிக்கும் கடைசி உருவம் மட்டும் வேறு. க்யூபோன் என்ற குட்டியின் தாய் அது, ஒரு கொள்ளைக்கூட்டத்தால் கொல்லப்பட்ட மாரோவாக்.

கவனிக்க வேண்டிய இடம் இதுதான். அந்தத் தாய் கணக்குப்படி ஆவி வகையே அல்ல. 30-ஆம் நிலையிலுள்ள, மண் வகையைச் சேர்ந்த ஒரு சாதாரண மாரோவாக். அடித்தால் படும். ஆவி வகை என்று பெயர் பெற்ற மூன்றும் வாயுவும் நிழலுமாகத் திரியும் ஜந்துக்கள். உண்மையில் செத்து, மனசு ஆறாமல் திரும்பி வந்த ஒரே ஜீவனுக்கு அட்டவணையில் ஆவி என்ற இடம் இல்லை. இன்னொன்று, அதைப் பிடிக்கவும் முடியாது. எந்தப் பந்தை எறிந்தாலும் நழுவும். வென்றால் அது சாந்தியடைந்து போய்விடும், அவ்வளவே. எல்லாவற்றையும் பிடித்துச் சேர்ப்பதையே லட்சியமாக வைத்த ஒரு விளையாட்டு, ஓரிடத்தில் மட்டும் இது சேகரிப்புக்கு உரியதல்ல என்று கையை எடுத்துக்கொள்கிறது. (1999-இல் வந்த தொடர்ச்சியில் அதே கோபுரத்தை வானொலி நிலையமாக்கிவிட்டு, கல்லறைகளை ஒரு சிறு வீட்டுக்கு மாற்றியிருந்தார்கள். கதை எழுதுகிறவர்களுக்கு இப்படி ஒரு வரி தோன்றினால் அன்றைக்கு வேறு எதுவும் எழுத வேண்டாம்.)

இரண்டாம் தலைமுறையின் கொடை இரண்டு உத்திகள். ஒன்று சாபம். ஆவி வகைப் பிராணி தன் முழு உயிரில் பாதியைத் தானே வெட்டிக் கொடுக்கும், பதிலுக்கு எதிரியின் உயிரில் கால்வாசி ஒவ்வொரு முறையும் கரையும். சபிக்கிறவன் இரண்டு குழி வெட்ட வேண்டும் என்று ஜப்பானியர்களிடம் ஒரு பழமொழி உண்டு. அதை அப்படியே கணக்காக்கியிருக்கிறார்கள். பிற வகைப் பிராணி இதே உத்தியைக் கையாண்டால் வேகம் குறைந்து, தாக்குதலும் தற்காப்பும் கூடும். 'நொரோய்' என்ற சொல்லுக்கு ஜப்பானிய மொழியில் சாபம், மந்தம் என்று இரண்டு பொருள்கள் இருப்பதால் வந்த சிலேடை. மொழிபெயர்ப்பில் அது முற்றாகத் தொலைந்துபோனது. பல ஆண்டுகள் இந்த உத்தியின் வகையைக் குறிக்கும் இடத்தில் மூன்று கேள்விக்குறிகளே இருந்தன. 2010-இல்தான் அதை ஆவி வகையில் சேர்த்தார்கள்.

மற்றொன்றுக்கு ஜப்பானியப் பெயர் 'மிச்சிஸுரே'. வழித்துணை என்று பொருள். தன்னை வீழ்த்துகிறவனையும் கூடவே அழைத்துக்கொண்டு போய்விடும் உத்தி. ஆங்கிலத்தில் விதியின் பிணைப்பு என்பதாக ஏதோ கனமாக வைத்தார்கள். வழித்துணை என்ற சொல்லில் உள்ள கொடூரமான கனிவு அதில் வரவில்லை. களத்தில் இதன் விளைவு விசித்திரமானது. சாகும் நிலையில் இருக்கும் பிராணியை அடிக்க எதிராளி தயங்குவான். வலுவிழந்தவனைக் கண்டு வலுவுள்ளவன் அஞ்சும் ஒரு கணம்.

இனி ஷெடிஞ்சா. 2002-இல் வந்த மூன்றாம் தலைமுறையின் பிராணி. இந்தத் தொடர் முழுவதிலும் ஒன்றே ஒன்றைக் காட்டு என்றால் இதைத்தான் காட்டுவேன். நின்காடா என்றொரு சில்வண்டுப் புழு 20-ஆம் நிலையில் சிறகு முளைத்து நிஞ்ஜாஸ்க் ஆகிறது. அப்போது நம் கூட்டத்தில் ஓர் இடம் காலியாக இருந்தால், அந்த இடத்தில் அழைக்காமலேயே ஏதோ வந்து உட்கார்ந்திருக்கும். கழற்றிப்போட்ட சட்டை, சில்வண்டின் வெற்றுக்கூடு. யாரும் பிடிக்காமல், காலியிடத்தில் தானாகத் தோன்றியது. அதன் உயிர்ப்புள்ளி 1. முதல் நிலையில் இருந்தாலும் 1, நூறாம் நிலைக்கு வளர்த்தாலும் 1. ஆனால் அதன் பலவீனமான வகைகளால் நேரடியாகத் தாக்கினாலொழிய எந்த அடியும் அதன்மேல் படாது. நெருப்பு, பறவை, பாறை, ஆவி, தீமை என்று அந்தப் பலவீனம் ஐந்து. கடலையே கிளப்பும் மகாபிராணிகள் இதன் முன்னால் செய்வதறியாது நிற்கும். மறுகணம் ஒரு மணற்புயல் வீசினால் செத்துவிடும்.

ஜப்பானிய இலக்கியத்தில் சில்வண்டின் கூடு என்பது மிகப் பழைய படிமம். கென்ஜியின் கதையில் மூன்றாம் அத்தியாயத்தின் பெயரே அதுதான். இரவில் தேடி வந்தவனிடமிருந்து தப்பி, மேலாடையை மட்டும் விட்டுவிட்டு நழுவிப்போன பெண்ணுக்கு அந்தப் பெயர். ஆயிரம் ஆண்டுப் பழக்கமுள்ள படிமத்தை எடுத்து, உயிர் 1 என்ற ஒற்றை எண்ணாக மாற்றியவர் யாரோ, அவரை நான் கவிஞர் என்றே சொல்வேன். அதன் முதுகில் ஒரு பிளவு உண்டு, அதற்குள் எட்டிப் பார்ப்பவரின் ஆவி பறிபோகும் என்று விளையாட்டின் கையேடு எச்சரிக்கிறது. மோதலின்போது நம்முடைய பிராணியை நாம் எப்போதும் முதுகுப்பக்கமாகவே பார்க்கிறோம் என்பது விளையாடியவர்களுக்குத் தெரியும். 2006-இல் களத்தில் கூர்ங்கற்களைத் தூவும் உத்தி வந்தபோது இதன் கதை முடிந்தது என்றார்கள். 2019-இல் அந்தக் கற்களிலிருந்து காக்கும் ஒரு காலணி வந்தது. காலே இல்லாத கூட்டுக்குக் காலணி!

2016-இன் மிமிக்யூவையும் இந்த வரிசையில் சேர்க்கலாம். ஊரே கொஞ்சும் பிகாச்சுவைப் போல ஒரு கந்தல் துணியைப் போர்த்திக்கொண்டு அலையும், தன்னையும் யாராவது நேசிக்க மாட்டார்களா என்று. எதிரியின் முதல் அடியைத் துணி வாங்கிக்கொள்ளும், துணித்தலை சாய்ந்து தொங்கும், உள்ளிருப்பதற்கு ஒன்றும் ஆகாது. 2019-இல் அந்த அடிக்கும் எட்டில் ஒரு பங்கு உயிரைக் கழித்தார்கள். சமநிலைக்காக என்பது புரிகிறது. ஆனாலும் அது ஒரு கவிதையில் தணிக்கைக்காரர் வைத்த காற்புள்ளி போலத்தான் இருக்கிறது.

அதன்பிறகு வந்த பலம் வாய்ந்த ஆவிகள் என்னைக் கவரவில்லை. 2019-இன் டிராகாபல்ட் வேகத்தில் 142, ஏறக்குறைய எல்லோரையும் முந்தும். பழைய கடல்விலங்கின் ஆவி என்பது கையேட்டில் இருக்கிறது, களத்தில் இல்லை. அதை ஒரு சாதாரண டிராகன் என்று மாற்றி எழுதினாலும் விளையாட்டின் அனுபவத்தில் பெரிய வேறுபாடு இராது.

என் மனத்தாங்கல் 2022-இல் வந்த ஒன்பதாம் தலைமுறையைப் பற்றியது. ஹவுண்ட்ஸ்டோன் என்று ஒரு நாய். காட்டில் மனித உறவே அறியாமல் செத்த நாயின் மறுவடிவம் என்று அதன் குட்டியைப் பற்றிச் சொல்கிறார்கள். அதன் உத்திக்கு இறுதி மரியாதை என்று பெயர். வலிமை 50, நம் கூட்டத்தில் வீழ்ந்த ஒவ்வொரு தோழனுக்கும் மேலும் 50. ஐந்து பேரும் வீழ்ந்தால் 300. எழுதிய கணத்தில் இது துக்கத்தைப் பற்றிய விதி. விளையாடும் கணத்தில், தோழர்கள் சீக்கிரம் சாக வேண்டும் என்று ஆட்டக்காரனை விரும்பவைக்கும் விதி. வேண்டுமென்றே அவர்களைக் களத்தில் பலிகொடுத்துவிட்டு நாயை அழைப்பதுதான் இதில் சாமர்த்தியம். ஸ்மோகன் என்ற ரசிகர் அமைப்பு தன் முக்கியப் போட்டிப் பிரிவில் இந்த உத்தியையே தடை செய்தது. காரணம் அறம் அல்ல, சமநிலைதான். கோபம் எல்லை மீறி ஆவியாகிவிட்ட குரங்கு, அனைஹிலேப், இன்னொன்று. வாங்கிய ஒவ்வோர் அடிக்கும் அதன் குத்து கனமாகும். அதன் முந்தைய வடிவம் கோபத்தால் சாவதுண்டு, சாகும்போது முகம் அமைதியாக இருக்கும் என்று ஏழாம் தலைமுறையின் கையேடு எழுதியிருந்தது. அந்த அமைதியையும் விட்டுவைக்கவில்லை.

சாபமும் வழித்துணையும்கூட ஆயுதங்கள்தானே என்று கேட்கலாம். அங்கே விலை கொடுப்பது ஆவியே, தன் உயிரிலிருந்து. இங்கே விலை பிறருடையது, அல்லது விலையே லாபமாகிவிடுகிறது.

லாவெண்டர் கோபுரத்தின் தாய் பிறகு என்ன ஆனாள் என்றும் சொல்லிவிடுகிறேன். 2016-இன் அலோலா தீவுகளில் க்யூபோன் இரவில் வளர்ந்தால் வேறொரு மாரோவாக் ஆகிறது, நெருப்பும் ஆவியும் கலந்த வகை. அதன் கையிலுள்ள எலும்பு தாயினுடையது, அவளுடைய ஆறாத மனம் ஆவியாகி அதைக் காக்கிறது என்கிறது கையேடு. ஆவி ஏறிய எலும்பால் அடிக்கும் உத்தி ஒன்று அதற்கு உண்டு. வலிமை 85, எதிரியின் தற்காப்பைக் குறைக்க ஐந்தில் ஒரு வாய்ப்பு. பருத்த எலும்பு என்ற பொருளையும் கொடுத்துவைத்தால் அதன் தாக்குதல் இரு மடங்காகும்.