சந்தியாகப்பர் யாருடைய சாமி?

குவாத்தமாலாவின் அதித்லான் ஏரியைப் பற்றிய பயணக் கட்டுரைகளில் ஒரு வாக்கியம் தவறாமல் வந்துவிடுகிறது: வெளியே கத்தோலிக்கம், உள்ளே மாயா மதம். மூன்று எரிமலைகள், படகு, வண்ணத் துணி, பிறகு இந்த வாக்கியம். ஏரிக்கரை ஊரான சாந்தியாகோ அதித்லானின் திருவிழாவைப் பார்த்துவிட்டு வந்த என் அலுவலக நண்பரும் இதையேதான் சொன்னார். “எல்லாம் சும்மா மேல்பூச்சுங்க. உள்ள அவங்க பழைய சாமி அப்படியே இருக்கு.” கேட்பதற்குப் பாராட்டு மாதிரி இருக்கிறது. எனக்கோ இது அந்த மக்களைப் பற்றிச் சொல்லப்படும் மிகப் பெரிய அவமதிப்பாகப் படுகிறது.

முதலில் சாமியைப் பார்ப்போம். சாந்தியாகோ என்பவர் ஏசுவின் சீடர் யாக்கோபு. நமக்கும் தெரிந்தவர்தான்: தங்கச்சிமடத்துச் சந்தியாகப்பரும் யாழ்ப்பாணம் கிளாலியின் யாகப்பரும் இவரே. ஜூலை 25 இவருடைய நாள். ஸ்பானியர்களுக்கு இவர் குதிரைமேல் வாளோடு வரும் போர்த்துணைவர். சண்டையில் இவர் பெயரைக் கூவித்தான் பாய்வார்கள். 1524இல் பெத்ரோ தெ அல்வராதோ, பக்கத்து இனமான கக்சிகேல்களைத் துணைக்குச் சேர்த்துக்கொண்டு, இந்த ஏரிக்கரையின் ட்சுதுஹில் மாயாக்களைத் தோற்கடித்தார். அதே ஆண்டு ஜூலை 25 அன்று இவர் பெயரிலேயே தன் தலைநகரை நிறுவினார். பின்னர் ட்சுதுஹில்களைத் திரட்டி இன்றைய ஊரில் குடியமர்த்தியபோது, அதற்கும் இவரையே காவலாக வைத்தார்கள். தோற்றவர்கள் ஊருக்கு ஜெயித்தவர்களின் சாமி.

இங்கேதான் மேல்பூச்சுக் கோட்பாடு உள்ளே வருகிறது. பயந்துபோன மக்கள் மேலுக்குக் கும்பிட்டார்கள், உள்ளுக்குள் எதையும் மாற்றவில்லை என்கிறது. என் தொழிலில் இதை ரேப்பர் என்போம்: உள்ளே பழைய நிரல், வெளியே புதிய முகப்பு. நிரல் அப்படி இருக்கலாம். ஒரு ஊர் ஐந்நூறு வருடம் அப்படி இருக்குமா? யோசிக்காமல், வாதாடாமல், புதிதாக ஒன்றையும் செய்யாமல்?

பூச்சு என்றால் எதையாவது மறைக்க வேண்டும். அந்த ஊர்க் கோவிலில் என்ன மறைந்திருக்கிறது? நிலநடுக்கங்களில் சிதைந்த பழைய பலிபீட மரச்சிற்பத்தை 1976 முதல் 1981 வரை உள்ளூர்ச் சிற்பிகளான சாவேஸ் சகோதரர்கள் சீரமைத்தார்கள். அதை ஒரு புனித மலையாகச் செதுக்கினார்கள். கொஃப்ராதியாப் பெரியவர்கள் அதன் ஓரங்களில் ஏறிப்போகிறார்கள். பூசை நடக்கும் இடத்துக்கு நேர் பின்னால், எல்லோர் கண்ணுக்கும் தெரிகிற மாதிரி. அந்த வேலையைக் கொடுத்ததே பங்குத்தந்தைதான்.

கொஃப்ராதியா என்பது ஒரு புனிதரைப் பேணும் சபை. புனிதர் அதன் தலைவர் வீட்டில் தங்குவார். தலைவர் பொறுப்பு கைமாறும்போது வீடும் மாறும். மெழுகுவர்த்தி, கோபால் சாம்பிராணி, இசை, விருந்து என்று செலவும் உழைப்பும் பொறுப்பேற்றவர் தலையில் விழும். விழா நாளில் சிலைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஊரைச் சுற்றுவார்கள். வெறும் நடிப்புக்காக யாரும் தலைமுறை தலைமுறையாகக் கைக்காசைப் போடுவதில்லை.

“அப்போ அடித்து மதம் மாற்றியதை நியாயப்படுத்துறீங்களா?” என்று கேட்பீர்கள். இல்லை. 1524 வன்முறைதான், அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் திணித்தவன் செய்தது ஒரு கணக்கு, திணிக்கப்பட்டதை வைத்து இவர்கள் செய்தது இன்னொரு கணக்கு. முதல் கணக்கை மட்டுமே எழுதினால் வரலாற்றில் மாயாக்களுக்கு வேலையே இல்லாமல் போகிறது. இன்னொன்றையும் கவனியுங்கள். இவர்கள் உண்மையான கிறிஸ்தவர்கள் இல்லை என்றுதான் 1950இல் இந்த ஊரின் மாஷிமோன் சிலையைத் தாக்கிய பாதிரியாரும் நினைத்தார். இன்றைய சுவிசேஷ சபைகளும் அதையேதான் சொல்கின்றன. ரசிக்க வந்த பயணியும் ஒழிக்க வந்தவரும் ஒரே தீர்ப்பை எழுதுகிறார்கள் என்றால், தீர்ப்பில் ஏதோ கோளாறு இருக்கிறது.

குவாத்தமாலாவின் 25 சென்டாவோ நாணயத்தில் இருப்பது இந்த ஊர்ப் பெண் ஒருவரின் முகம். சிவப்பு நாடாவைச் சுற்றிச் சுற்றிக் கட்டிய தலையணியோடு இருக்கிறார். அந்த முகத்தை அச்சடித்த அரசுதான் 1980இல் ஊருக்குள் ராணுவத்தைக் கொண்டுவந்து முகாம் போட வைத்தது. ஆட்கள் காணாமல் போனார்கள், பிணமாகக் கிடைத்தார்கள். சிற்பிகளுக்கு வேலை கொடுத்த அந்தப் பங்குத்தந்தை ஸ்டான்லி ராதர், ஒக்லஹோமாவின் விவசாயக் குடும்பத்துப் பிள்ளை. ட்சுதுஹில் மொழியைக் கற்றுக்கொண்டு அதிலேயே பூசை வைத்தவர். உயிருக்கு ஆபத்து என்று ஊருக்குத் திரும்பியவர், 1981இல் புனித வாரத்துக்காக மறுபடியும் வந்தார். ஜூலை 28 அன்று, சந்தியாகப்பர் திருநாள் முடிந்த மூன்றாம் நாள், பங்கு இல்லத்திலேயே சுட்டுக் கொன்றார்கள். உடல் ஒக்லஹோமாவுக்குப் போனது. இதயத்தை மட்டும் தங்களுக்குக் கேட்டு வாங்கி மக்கள் கோவிலிலேயே வைத்துக்கொண்டார்கள்.

இப்போது சொல்லுங்கள், அந்த இதயத்தை எந்தப் பக்கம் சேர்ப்பீர்கள்? வெளியிலா, உள்ளேயா? 

1990 டிசம்பர் 2 அன்று ஆயிரக்கணக்கானோர் ஆயுதமில்லாமல் முகாமை நோக்கி நடந்தார்கள். ராணுவம் சுட்டது. பத்துப் பேருக்கு மேல் செத்தார்கள், அதில் சிறுவர்களும் உண்டு. ஊர் பின்வாங்கவில்லை; அந்த மாதமே ராணுவம்தான் வெளியேறியது. ஜெயித்தவர்களின் வாளேந்திய சாமியைத் தோளில் சுமக்கிற ஊர், வாளேந்தி வந்தவர்களை வெறுங்கையோடு அனுப்பி வைத்தது. அடுத்த ஜூலையில் சந்தியாகப்பர் வீதிக்கு வந்தபோது வழியில் ராணுவ முகாம் கிடையாது. அவர் யாருடைய சாமி என்பதை ஊர் எப்போதோ முடிவு செய்துவிட்டது. நாம்தான் இன்னும் பூச்சைச் சுரண்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.